ஊருக்குச் சொல்லலாம், பிள்ளைக்குச் சொல்லக் கூடாதா?

ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்குப் பருவமடைதல் பற்றிப் பாடசாலையில் வகுப்பு எடுப்பது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது, வீட்டிலும் பெற்றோர் இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசத் தேவையில்லை என்று மாத்தளையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சென்ற இதழில் எழுதியிருக்கிறார். எழுதியவர் செல்வாக்குள்ளவர். இரத்தோட்டை, கம்மடுவைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவித்தவர். அவர் ஒன்று சொன்னால் லயத்தில் அதற்கு மறுபேச்சு இருக்காது. அந்தக் கட்டுரையைப் போட்டோப்பிரதி எடுத்துப் பெற்றோர் கூட்டத்துக்கே கொண்டுவந்து, "சேரே எழுதிட்டாரு டீச்சர், இனி இந்தப் பாடத்த விட்டுருங்க" என்று ஒரு தகப்பன் என்னிடம் நீட்டினார். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் துரோகம் செய்தவளாவேன். அதனால் எழுதுகிறேன்.

கட்டுரை முழுவதும் நிற்பது சடங்கு என்ற ஒரே தூணில். முன்னோர் நமக்கு மஞ்சள் நீராட்டைத் தந்திருக்கிறார்கள், பெண்பிள்ளை பெரியவளாவதை நம் சமூகம் கௌரவிக்கிற முறை அது, அதுவே அவளுக்குப் போதுமான பாடம் என்கிறார் அதிபர்.

சடங்கோடு எனக்குச் சண்டை இல்லை. பிள்ளைக்குப் பட்டுச்சேலை கட்டி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, சொந்தபந்தம் கூடி வாழ்த்துவது நல்ல காரியம்தான். ஆனால் அதைப் பாடம் என்று சொல்வது பொய். அந்த நாட்களில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை அவர் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

லயன் காம்பராவின் ஒரு மூலையில் பிள்ளையை உட்கார்த்தி, குறுக்கே பழைய சேலை ஒன்றைக் கட்டுகிறோம். பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு கொத்து வேப்பிலை. அப்பா முகத்தில் விழிக்கக் கூடாது, தம்பி முகத்தில் விழிக்கக் கூடாது. தட்டு வேறு, தம்ளர் வேறு, பாய் வேறு. விடிந்ததும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு உளுத்தங்களி. நல்ல நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பாடசாலை கிடையாது. நாள் சரிவராவிட்டால் இரண்டு கிழமைகூட ஆகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை அது. சமைப்பதும் படுப்பதும் சண்டை பிடிப்பதும் அங்கேதான். அந்தச் சேலைக்குப் பின்னால் பதினொரு வயதுப் பிள்ளை, தன்னிடம் ஏதோ அசிங்கம் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தபடி இருக்கிறாள். கடைசியில் மாத்தளை டவுனில் மண்டபம், அழைப்பிதழ், வாசலில் அவளுடைய ஆளுயரப் படம் போட்ட பதாகை, வீடியோ, ட்ரோன். செலவுக்கு வட்டிக்கு எடுத்த பணம்.

இத்தனைக்கும் நடுவில் அவளை அருகே கூப்பிட்டு, உன் உடம்பில் நடந்தது இது, இதனால் நடந்தது, இனி மாதாமாதம் வரும், இத்தனை நாள் இருக்கும், வலித்தால் இப்படிச் செய் என்று சொன்னவர் யார்? மண்டபத்தில் கொண்டாட்டம் முடிந்து, கையில் மருதாணி அழியாமல் வகுப்புக்குத் திரும்பிய ஒரு பிள்ளை, இடைவேளையில் மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தாள். "டீச்சர், இது திரும்பவும் வருமா?" என்று கேட்டாள். முந்நூறு பேர் வந்து சாப்பிட்டுப் போன விழா அவளுக்கு அந்த ஒரு செய்தியைச் சொல்லவில்லை. அதிபர் பாடம் என்று புகழ்கிற சடங்கின் இலட்சணம் அது.

இது மறைக்க வேண்டிய விஷயம், பொதுவில் பேசக் கூடாதது என்றும் அதே கட்டுரையில் எழுதுகிறார். பிள்ளைக்கு மாதவிடாய் வந்த செய்தியை அச்சடித்து, வீடு வீடாகக் கொடுத்து, வீதியில் படத்தோடு கட்டுகிற சமூகம் நாம். தோட்டத்துத் துரையிலிருந்து டவுனில் கடை வைத்திருப்பவர்வரை எல்லாருக்கும் அது தெரிய வேண்டும். தெரியக் கூடாதவள் ஒருத்திதான், அந்தப் பிள்ளை. ஊருக்குச் சொல்வதில் வராத வெட்கம் பிள்ளையிடம் சொல்வதில் மட்டும் எங்கிருந்து வருகிறது? இந்த முரண்பாட்டை அதிபர் ஒரு வரியில்கூடத் தொடவில்லை. தொட்டால் கட்டுரை நிற்காது.

ஒதுக்கி வைப்பது பிள்ளையின் பாதுகாப்புக்காக என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தாக்கியது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அணைக்காடு என்ற கிராமத்தில், வயதுக்கு வந்ததால் வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் படுக்க வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் விழுந்து செத்துப்போனாள். புயல் வருகிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. தீட்டு என்ற சொல்லுக்குப் பயந்து பெரியவர்கள் அவளை உள்ளே எடுக்கவில்லை. பாதுகாப்பு என்று எழுதுகிறவர்கள் அந்தக் குடிசையை நினைத்துக்கொண்டு எழுதட்டும்.

அடுத்து அவர் சொல்வது: காலம் வந்தால் எல்லாம் தானாகத் தெரியும், எங்கள் காலத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை, எங்கள் தாய்மார் நன்றாகத்தானே வாழ்ந்தார்கள்.

நன்றாக வாழ்ந்தார்கள் என்று அவருக்கு யார் சொன்னது? மலையில் காலை முதல் கொழுந்து பறித்து, மலசலகூடம் இல்லாமல், இரத்தம் நனைந்த துணியோடு நின்ற பெண்கள் அவரிடம் வந்து நன்றாக இருக்கிறோம் என்று சொன்னார்களா? அந்தத் துணியை ஆண்கள் கண்ணில் படாமல் இருட்டிய பிறகு பீலிக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள். வெயில் காணக் காயப்போடக் கூடாது என்பதால் பாவாடைக்கு அடியில் மறைத்து உலர்த்தினார்கள். கம்மடுவைப் பக்கத்து மழைக்காலத்தில் வெளியில் போட்ட துணியே காயாது. மறைத்துப் போட்டது எப்படிக் காயும்? ஈரத்தோடு திரும்பக் கட்டிக்கொண்டார்கள். அரிப்பு, புண், துர்நாற்றம், இடுப்பு வலி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்கள். என் அம்மாயி அப்படித்தான் இருந்தார். அவருடைய பொறுமையை ஒரு வாதத்துக்கு ஆதாரமாக எடுக்க அதிபருக்கு உரிமை கிடையாது.

தானாகத் தெரியும் என்ற பேச்சும் உண்மைக்கு விரோதமானது. களுத்துறை மாவட்டப் பாடசாலை மாணவியரிடம் யுனிசெப் நடத்திய ஆய்வில், முதல் தடவை மாதவிடாய் வரும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் சொன்னார்கள். களுத்துறை கொழும்புக்குப் பக்கத்து மாவட்டம். அங்கேயே இந்த நிலை என்றால் பஸ் நாளுக்கு இரண்டு தரம் மட்டும் ஏறி இறங்குகிற மேல்தோட்டங்களில் எப்படி இருக்கும்?

எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறாம் தரப் பிள்ளை ஒருத்தி நாட்கணக்கில் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது இஸ்தோப்பில் சுருண்டு படுத்திருந்தாள். வயிற்றுக்குள் ஏதோ அறுந்துவிட்டது, செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீருடையைக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். சீருடையைக் கிழித்ததற்கு அடி விழும் என்று அதையும் பாய்க்கடியில் ஒளித்திருந்தாள். சாகிற பயமும் அடிவாங்கும் பயமும் ஒன்றாக. அந்தப் பிள்ளைக்கு எது தானாகத் தெரிந்தது?

உடம்பு யாருடைய கட்டுரைக்காகவும் காத்திருப்பதில்லை. பெண்பிள்ளைக்கு எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் மாற்றங்கள் தொடங்கும். முதலில் மார்பு அரும்பும். அதற்குச் சுமார் இரண்டு வருடம் கழித்து முதல் மாதவிடாய். அந்த இரண்டு வருடம் உடம்பு பெற்றோருக்குத் தருகிற தவணை. சட்டை இறுக்கமாகிறது என்று தாய் காண்கிற அன்றே பேச்சைத் தொடங்கலாம். பன்னிரண்டு வயதுக்கு முன் எதுவும் பேசக் கூடாது என்று அதிபர் கோடு போடுகிறார். அந்தக் கோட்டைத் தாண்டுவதற்குள் பாதிப் பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுவார்கள்.

வீட்டில் பேசத் தேவையில்லை என்றவரே, தாய் சொல்லிக்கொள்வாள், அது தாயின் வேலை, ஆசிரியரும் தகப்பனும் அதில் தலையிடுவது அழகில்லை என்கிறார். வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். எந்தத் தாயைச் சொல்கிறார்? எங்கள் தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் தாய் குவைத்தில் இருக்கிறாள், சவூதியில் இருக்கிறாள், கொழும்பில் யாருடைய வீட்டிலோ பாத்திரம் கழுவுகிறாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாது என்று 2013இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2022இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். கைக்குழந்தைக்குத் தாய் வேண்டும் என்று யோசித்த அரசாங்கம், பதினொரு வயதுப் பெண்பிள்ளைக்கும் தாய் வேண்டும் என்று யோசிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அப்பாவோடும் அம்மாயியோடும் வளர்கிறார்கள். அதிபர் சொல்கிறபடி பார்த்தால் அவர்களுக்குச் சொல்ல உலகத்தில் ஆளே இல்லை.

தகப்பன் பேசினால் என்ன குறைந்துவிடும்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்தானே? பேதி என்றால் கழுவிவிடுகிறவர்தானே? மனைவி வெளிநாட்டில் இருந்தபோது மூத்த மகளுக்குத் தானே எல்லாம் சொல்லி, கடைக்குப் போய்ப் பாக்கெட் வாங்கிவந்து, எப்படி வைப்பது என்று உறையில் இருக்கிற படத்தைக் காட்டிய தகப்பன் ஒருவரை எனக்குத் தெரியும். கடைக்காரர் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கறுப்புப் பைக்குள் போட்டாராம். "சீனி வாங்கினா இப்படியா சுத்துறீங்க?" என்று கேட்டுவிட்டு, தாளைப் பிரித்துக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். ரப்பர் பால் வெட்டுகிற மனிதர். பட்டம் பதவி எதுவும் இல்லாதவர். அவருக்கு இருந்த தெளிவு அதிபருக்கு இல்லை.

சொல்லிக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பதைக் கட்டுரை திரும்பத் திரும்பச் சொல்கிறது, ஆதாரம் ஒன்றுகூடக் காட்டாமல். உலகமெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2009இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, 2018இல் திருத்தியது. முறையாகச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் முன்கூட்டியே பாலுறவில் இறங்குவதில்லை, பல இடங்களில் அது பிந்தித்தான் போகிறது என்பது அதில் கண்ட முடிவு. அதிபருக்கு வெளிநாட்டு ஆய்வு பிடிக்காவிட்டால் தன் ஊர் லயத்துக்கே வரட்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பாடசாலைகளை மூடினார்கள். வட்சப்பில் பாடம் வரும் என்று தவணைக்குக் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தோம். பாடசாலை திறந்துவிட்டது, தொலைபேசி வீட்டிலேயே இருக்கிறது. சிக்னல் கிடைக்கிற கல்லின் மேல் மாலையில் பையன்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதை இந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டத்திலும் காணலாம். அவர்கள் பார்ப்பதெல்லாம் கணக்குப் பாடமா? நாம் பேசாவிட்டால் பிள்ளை ஒன்றும் அறியாமல் இருப்பான் என்ற நிலை போய்விட்டது. நாம் பேசாவிட்டால் மோசமான இடத்திலிருந்து, மோசமான மாதிரி அறிந்துகொள்வான்.

கெட்டுப்போவது பற்றிப் பேசுகிறவர், கெடுக்கிறவர்களைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்கிறவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள். மாமா முறை, பக்கத்து லயத்துக்காரர், டியூஷன் சேர், வேன் சாரதி. அந்த ஆளுக்கு மிகவும் வசதியானவள், உடம்பின் அந்தப் பகுதிக்குப் பேர் தெரியாத பிள்ளை. என்ன நடந்தது என்று சொல்ல அவளிடம் சொல் இல்லை. சொன்னால் அடி விழும் என்று வீட்டு மௌனம் அவளுக்கு ஏற்கெனவே கற்பித்துவிட்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. அழைத்தால் காசு இல்லை. ஆனால் அழைத்து என்ன சொல்வாள்? அதிபர் அடக்கம் என்று பேர் வைத்திருக்கிற மௌனம், குற்றவாளிக்குக் கட்டிக் கொடுக்கிற வேலி. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அவருடைய கட்டுரையில் ஆண்பிள்ளை என்று ஒருவன் இல்லவே இல்லை. அவனுக்கும் ஒன்பது வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில் மாற்றம் தொடங்குகிறது. விதைப்பை பெரிதாகிறது, குரல் உடைகிறது, ஒரு நாள் தூக்கத்தில் விந்து வெளியேறிப் படுக்கை நனைகிறது. அவனுக்குச் சடங்கு இல்லை, மாமன் சீர் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயப்படுகிறான். சுவரில் ஒட்டியிருக்கிற வைத்தியரின் விளம்பரம் அந்தப் பயத்தை உறுதிப்படுத்துகிறது: சக்தி போகிறது, நரம்பு தளர்கிறது, திருமணத்துக்கு ஆகமாட்டாய். தைலத்துக்கும் லேகியத்துக்கும் காசு கரைகிறது. இந்தப் பயத்தை உளவியல் மருத்துவர்கள் நோய்க்குறியாகவே எழுதியிருக்கிறார்கள். இலங்கை மருத்துவர் அத்துல சுமதிபாலவும் சக ஆய்வாளர்களும் 2004இல் பிரித்தானிய உளமருத்துவ ஏட்டில் எழுதிய கட்டுரையில், இது தெற்காசியாவுக்கு மட்டும் உரியதல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் விந்து போனால் உடம்பு போகும் என்று வைத்தியர்களே பயமுறுத்தினார்கள் என்று காட்டினார்கள். நம்முடைய பாரம்பரியம் என்று நாம் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற பயம் வெள்ளைக்காரனிடமும் இருந்தது. அவன் விட்டுவிட்டான், நாம் விடவில்லை.

மகன்களுக்கு எதுவும் சொல்லாததன் விலையை மகள்கள் கொடுக்கிறார்கள். பாவாடையில் கறை பட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற பையன் கெட்ட பையன் இல்லை. அது என்ன என்று யாரும் சொல்லாத பையன். தோட்டப் பாடசாலைகள் உட்படக் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளின் மாணவியருக்குச் சுகாதார அணையாடை வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் 2024இல் தொடங்கியது. அதைப் பையன்கள் முன்னால் வாங்கக் கூசி, பேர் கூப்பிட்டும் எழுந்து வராமல் இருந்த பிள்ளைகளை நான் பார்த்தேன். 2018 வரை இறக்குமதி அணையாடைக்கு நூற்றுக்கு 101.2 வீதம் வரி வைத்திருந்த நாடு இது. அத்தனை காலம் கழித்துக் கைக்கு வந்த சிறு உதவியையும் வெட்கம் தட்டிப் பறிக்கிறது.

மேல்நாட்டு இறக்குமதி, என்ஜிஓ காசு என்பது அவருடைய கடைசி ஆயுதம். தொல்காப்பியர் எந்த என்ஜிஓவில் வேலை பார்த்தார்? பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாட்கள் கணவன் மனைவியைப் பிரிந்திருக்கக் கூடாது என்று கற்பியலில் விதி எழுதியவர் அவர். இலக்கண நூலிலேயே நேரடியாகப் பேசியிருக்கிறார்கள் நம் ஆட்கள். ஆடிப்பூரத்தன்று நம் கோயில்களில் அம்பாள் ருதுவானதாகக் கொண்டு விழா எடுக்கிறோம், வளையல் சாத்துகிறோம், பிரசாதமாக வாங்கி நம் பிள்ளைகளின் கையில் போடுகிறோம். அம்மனுக்கு வந்தால் விழா, வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் பேசக் கூடாத தீட்டு என்பது பக்தியும் இல்லை, பண்பாடும் இல்லை.

இந்தத் தடை தமிழருக்கு மட்டும் உரிய பெருமையும் அல்ல. ஏழாம் தரப் பிள்ளைகளுக்கென்று கல்வி அமைச்சு தயாரித்த 'ஹதே அபே பொத' என்ற சிங்களத் துணைநூல் 2019 அளவில் விநியோகத்துக்கு வந்தபோது பௌத்த பிக்குகள் சிலர் எதிர்த்தார்கள், அது நிறுத்தப்பட்டது. அன்று அவர்கள் சொன்னதும் பண்பாடு, இளம் மனம் கெடும் என்பதுதான். மொழிக்காகவும் காணிக்காகவும் இத்தனை காலம் மோதிக்கொண்ட சமூகங்களின் பெரியவர்கள், பிள்ளைகளின் வாயை அடைப்பதில் மட்டும் ஒற்றுமையாக நிற்கிறார்கள்.

அவர் எதிர்க்கிற பாடம் அரசாங்கத்தின் பாடம். சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தில் கட்டிளமைப் பருவம் பற்றி இருக்கிறது, பரீட்சையில் கேள்வியும் வரும். ஆனால் அந்த அலகு வந்ததும் வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிவிடுகிற ஆசிரியர்கள் நம்மிடையே அநேகர். சில பழைய புத்தகங்களில் அந்தப் பக்கங்களை யாரோ ஸ்டேப்ளர் அடித்து மூடியிருப்பதைக் கண்டிருக்கிறேன். 2017இலிருந்து ஆறாம் தர மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்பிவி ஊசியை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தரம் சுகாதாரத் திணைக்களம் போடுகிறது. எதற்கு ஊசி என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆறுதலாக உட்கார்ந்து சொல்லாததால், இது பிள்ளை பிறக்காமல் பண்ணுகிற ஊசி என்று வதந்தி வந்தது. கையெழுத்துப் போட மறுத்த தாய்மாரை நான் குறை சொல்லமாட்டேன். கருப்பை என்ற சொல்லையே வெட்கப்பட்டு விழுங்கிய எங்கள் எல்லாருடைய மௌனமும் அந்த வதந்திக்குத் தீனி போட்டது.

ஒரு விஷயத்தில் அதிபர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வெளியிலிருந்து யாரோ வந்து, ஆணையும் பெண்ணையும் மண்டபத்தில் அடைத்து, புரொஜெக்டரில் படம் ஓடவிட்டு, கேள்வி கேட்க நேரம் கொடுக்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற வகுப்புகள் நடந்திருக்கின்றன. அவற்றால் பிள்ளைகள் சிரித்தார்கள், கூசினார்கள், ஒன்றும் அறியவில்லை. அப்படிப்பட்ட வகுப்பை நிறுத்தச் சொல்லட்டும், நானும் அவர் பக்கம் நிற்பேன். நல்ல வகுப்பு கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதட்டும், முதல் கையெழுத்து என்னுடையது. அவர் அதைக் கேட்கவில்லை. வகுப்பும் வேண்டாம், வீட்டுப் பேச்சும் வேண்டாம் என்கிறார். அது பிள்ளையை நடுக்காட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற வேலை.

அதிபர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவர் எழுதியது பெற்றோருக்குப் பேசாமலிருக்க ஒரு சாட்டைக் கொடுத்திருக்கிறது. அந்தச் சாட்டுக்கு விலை கொடுக்கப்போவது அவரோ நானோ அல்ல, இந்த வருடம் ஐந்தாம் தரத்தில் இருக்கிற பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பாமாருக்குச் சொல்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சைக்காக மாலை டியூஷன், சனி ஞாயிறு டியூஷன், மாதிரி வினாத்தாள் என்று ஓடுகிறீர்கள். ஒரு பின்னேரம் டியூஷனை நிறுத்திப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்துங்கள். மகளானால் மாதவிடாய் என்றால் என்ன, அது நோயில்லை, தீட்டில்லை, பாடசாலையில் வைத்து வந்தால் எந்த டீச்சரிடம் போக வேண்டும் என்று சொல்லுங்கள். பையில் ஒரு பாக்கெட்டும் மாற்று உள்ளாடையும் வைத்துவிடுங்கள். மகனானால் குரல் மாறும், படுக்கை நனையும், பயப்பட ஒன்றுமில்லை, தங்கச்சிக்கும் வகுப்புப் பிள்ளைக்கும் வருவதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று சொல்லுங்கள். இருவரிடமும், உன் உடம்பைத் தொட யாருக்கும் உரிமையில்லை, தொட்டால் யாராக இருந்தாலும் வந்து சொல், நான் அடிக்கமாட்டேன் என்று சொல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், கிளினிக் நாளில் அவர் அதற்காகவும்தான் வருகிறார். அம்மா வெளிநாட்டில் என்றால், அப்பா, நீங்கள் பேசுங்கள். இந்த மாதமே பேசுங்கள்.